கூப்பிட ஒரு பேர்

அங்கன்வாடிப் பதிவேட்டில் பேர் இல்லாத ஒரு பிள்ளைக்கு இரண்டு வருஷம் சத்துமாவு கொடுத்தவள் நான். பதினெட்டாவது வரி. பிறந்த தேதி இருக்கும், எடை இருக்கும், தடுப்பூசி போட்ட நாளெல்லாம் இருக்கும். பேர் எழுத வேண்டிய கட்டம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளையை விட அதைப் பெற்றவள்தான் எனக்கு ஞாபகம் வருவாள். இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். இன்னமும் அவள்தான் வருகிறாள்.

அவள் பேர் எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். அவளுக்குப் பிடிக்காது.

கோவில்பட்டியில் தண்டவாளத்துக்கு மேற்கே எட்டு வீடுகள் கொண்ட ஒரு லைன். நான் இரண்டாவது வீடு, அவள் ஏழாவது. லைன் முடிகிற இடத்தில்தான் என் அங்கன்வாடி. அவள் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போவாள். எங்கள் ஊரில் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான். காலையில் ஏழரைக்கு வேன் வந்துவிடும். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு ஓடுவாள். முதல் நாள் சேர்க்க வந்தபோது பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்க?"

"எழுதாதீங்க டீச்சரக்கா."

"எழுதாம எப்படிம்மா? மாவு குடுக்கணும்லா?"

"மாவு குடுங்க. பேரு எழுதாதீங்க."

"இன்னும் வைக்கலியா?"

அவள் நாடியை லேசாக மேலே தூக்கிக் காட்டினாள். மேலே ஓட்டுக்கூரை, அதற்கு மேலே வானம். யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்கிற மாதிரி. பிறகு என் கையிலிருந்த பேனாவுக்கு அவளே மூடியை எடுத்து மாட்டினாள்.

பேரே சொல்லாமல் ஒரு மனுஷி எவ்வளவு தூரம் பேச முடியும் என்பதை அவளிடம்தான் பார்த்தேன். "பச்சைக் கதவு வீட்டுல ஆளில்ல" என்பாள். "பால் ஊத்துதவரு வரல", "நெட்டையா ஒருத்தி வருவால்லா, அவ வேலைய விட்டு நின்னுட்டா" என்பாள். அவளுடைய போனில் ஒரு பேரும் கிடையாது. எல்லாம் வெறும் நம்பர்கள். கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து ஆளை அடையாளம் வைத்திருந்தாள். எங்கள் லைனில் எல்லாரும் 'மணி மணி' என்று கூப்பிட்டுச் சோறு போடுகிற நாயை அவள் மட்டும் "இந்தா" என்பாள். புதிதாகக் குடிவந்தவர்கள் அவளுக்குத் திமிர் என்று நினைத்தார்கள். புருஷன் பேரைச் சொல்லாத பெண்கள் உண்டு. நாய் பேரைக்கூடச் சொல்லாதவளை எப்படி எடுத்துக்கொள்வது?

ஆனால் அவள் அப்படிப்பட்டவளாக வரவில்லை. கல்யாணமாகி அந்த லைனுக்கு வந்த புதிதில் கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் பேர் வைக்கிறவளாகத்தான் இருந்தாள். அவள் புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த ஆட்டோவுக்கு 'சிட்டு' என்று பேர் வைத்து, முன் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ஒட்ட வைத்ததே அவள்தான். என் வீட்டு மிக்ஸி போடுகிற சத்தத்துக்குக் கூட ஒரு பேர் வைத்திருந்தாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

முதலாவதாகப் பெண் குழந்தை பிறந்தபோது அவள் புருஷன் பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்னப் புத்தகம் வாங்கி வந்தார். குழந்தைகளுக்கான பேர்களும் பக்கத்திலேயே அர்த்தமும் போட்டது. பத்து நாள் அந்தப் புத்தகத்தோடுதான் படுத்துக் கிடந்தாள். வரிவரியாக விரலை ஓட்டி, கடைசியில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஜீவிதான்னா வாழ்க்கைன்னு போட்டிருக்கு டீச்சரக்கா. வாழ்க்கைன்னே ஒரு புள்ளைக்குப் பேரு வச்சிட்டா அதுக்கப்புறம் அதுக்கு என்ன கொறச்சல் வரப் போவுது?"

பேர் வைத்த அன்றைக்கு லைன் முழுக்கக் கல்கண்டு கொடுத்தாள். கொடுக்கும்போதே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அர்த்தத்தையும் சொல்லிக் கொடுத்தாள்.

ஜீவிதா பதினோரு மாதம் இருந்தாள். நாலு நாள் காய்ச்சல், அப்புறம் வலிப்பு. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். அந்த லோடு ஆட்டோவில்தான் திரும்பி வந்தார்கள்.

இரண்டாவது பையன். இந்தத் தடவை புத்தகத்தை நம்பவில்லை, நேராக என்னிடம் வந்தாள். "அமுதம்னா சாவில்லாத மருந்துதான டீச்சரக்கா?" என்று கேட்டாள். நான்தான் ஆமாம் என்றேன். தேவர்கள் குடித்தது, குடித்தவர்களுக்குச் சாவே கிடையாது என்று கதையும் சொன்னேன். அமுதன் என்று வைத்தார்கள். பதினாறாம் நாள் பேர் சூட்டி, காதில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். பத்தொன்பதாம் நாள் பால் இறங்கவில்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது.

அந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். பிறக்கும்போதே இருதயத்தில் கோளாறு இருந்திருக்கிறது என்று டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து பொறுமையாக விளக்கினார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பேரு வைக்காம இருந்திருந்தா இருந்திருப்பானா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் பிளேடை எடுத்துக்கொண்டு போய் ஆட்டோ கண்ணாடியில் இருந்த 'சிட்டு'வைச் சுரண்டினாள். அவள் புருஷன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. எழுத்து போய்விட்டது, பசை மட்டும் ரொம்ப நாள் அந்த இடத்தில் தூசியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவளுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. எங்கள் பக்கம் தலைப்பிள்ளை பிறந்ததும் பெற்றவளின் பேர் போய்விடும். 'ஜீவிதா அம்மா' என்றுதான் லைனே அவளைக் கூப்பிட்டது. ஜீவிதா போன பிறகு எப்படிக் கூப்பிடுவது? பழைய பேருக்குத் திரும்ப யாருக்கும் நாக்கு வரவில்லை. அப்படியும் கூப்பிட முடியாமல் இப்படியும் கூப்பிட முடியாமல், தண்ணீர்க் குழாயடியில் "ஏ, ஒன் கொடம் நெறஞ்சிட்டு" என்று குடத்தை வைத்துத்தான் அவளோடு பேசினார்கள்.

மூன்றாவதாகப் பெண் பிறந்தபோது அவள் மாமியார் ஊரிலிருந்து முறத்தில் தவிடோடு வந்து இறங்கினார். பிள்ளை தங்காத வீடுகளில் அந்தக் காலத்தில் செய்கிற வழக்கம். பிள்ளையை வேறொரு வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, பிச்சை, குப்பை என்று மட்டமாக ஒரு பேர் வைத்துவிட்டால், இது ஒன்றுக்கும் ஆகாத பிள்ளை என்று எமன் விட்டுவிட்டுப் போய்விடுவானாம்.

"பிச்சைன்னு வச்சா மட்டும் கேக்காதா அத்தே? காது என்ன செவிடா?" என்றாள் அவள். "பேருன்னு ஒண்ணு இருந்தாத்தானே வந்து கூப்பிடுவான். இல்லாத பேரை எப்படிக் கூப்பிடுவான்?"

மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதார். தவிடு என் வீட்டுக் கோழிக்குப் போனது.

ஒரு பிள்ளையைக் கூப்பிடாமல் எப்படி வளர்ப்பது? அவள் வளர்த்தாள். வேண்டும்போது எழுந்து போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். அடுப்பில் எது பொங்கினாலும் சரி, தெருவில் நிற்கிற பிள்ளையைச் சத்தம் போட்டு அழைக்க மாட்டாள், ஓடிப்போய்த் தூக்கி வருவாள். கொஞ்சுவதும் சத்தமில்லாமல்தான். பிள்ளையின் உள்ளங்கையில் தன் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கள் லைனில் 'பாப்பா' என்று கூப்பிட்டால் நாலு பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். இவள் மட்டும் திரும்ப மாட்டாள். முதலில் காது கேட்கவில்லையோ என்று பயந்து நானே சோதித்துப் பார்த்தேன். காதெல்லாம் நன்றாகத்தான் கேட்டது. பேச்சும் வயசுக்கு மீறிய பேச்சு. தூரத்திலிருந்து வருகிற ஒரு குரல் தனக்காகவும் இருக்கலாம் என்பதுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

அவள் புருஷன் கொஞ்ச நாள் சீழ்க்கை அடித்துக் கூப்பிட்டுப் பார்த்தார். நாயைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று நாலாம் வீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதோடு விட்டுவிட்டார். ஒரு மத்தியானம், பிள்ளைகளெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தபோது அங்கன்வாடி வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்களாவது சொல்லுங்க டீச்சர். பெத்த புள்ளையக் கூப்பிட எனக்கு ஒரு வார்த்த இல்ல. லோடு எறக்கிட்டு வீட்டுக்கு வாரேன், வாசல்ல நின்னு என்னன்னு சொல்லிக் கூப்பிடுவேன்? ஊமையன் மாதிரி நிக்குதேன்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. எனக்கே பயம்தான். ஏனென்றால் அதற்கு முன்னாலேயே ஒரு தப்புச் செய்துவிட்டிருந்தேன்.

அந்த வருஷம் எல்லாவற்றையும் போனில் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். ரெஜிஸ்டரில் கட்டத்தை வெறுமனே விட்டுவிடலாம், போன் விடாது. பேர் போடாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. மேலதிகாரி வருகிற நாளும் நெருங்கிவிட்டது. சும்மா ஒப்புக்குத்தானே என்று ஒரு பேரைப் போட்டேன். போனில் போட்டதோடு விட்டிருக்கலாம். கணக்கு ஒத்துப்போக வேண்டுமே என்று ரெஜிஸ்டரிலும் பதினெட்டாவது வரியில் எழுதிவிட்டேன்.

அவள் போனுக்குச் செய்தி போய்விட்டது. உங்கள் குழந்தை இன்னார் பதிவு செய்யப்பட்டார் என்று. வேலைக்குக் கட்டியிருந்த சேலையோடு, விரலெல்லாம் தீக்குச்சி மருந்துக் கறையோடு வந்து நின்றாள்.

"எங்க எழுதியிருக்கீங்க?"

காட்டினேன். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். மை பரவியது. முந்தானையால் தேய்த்தாள். பிறகு நகத்தால். "விடும்மா, வெள்ளை மை வச்சு அழிச்சிருவோம்" என்று நான் சொல்வது அவள் காதில் ஏறவே இல்லை. தேய்க்கத் தேய்க்கத் தாள் நைந்து, கடைசியில் அந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டை வழியாக அடுத்த பக்கத்தில் வேறொரு பிள்ளையின் எடை தெரிந்தது. அப்போதுதான் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

அந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் காய்ச்சல்தான், லைனில் ஆறு பிள்ளைகள் படுத்திருந்தன. அவள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்து என் மடியில் கிடத்தினாள்.

"நீங்க வச்ச பேருக்கா. நீங்களே திருப்பி எடுத்துக்கோங்க."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்."

"போவோம். மொதல்ல எடுத்துக்கோங்க."

பிள்ளை அனலாகக் கொதித்தது. நான் பி.ஏ. படித்தவள். எல்லார் வீட்டுக்கும் போய் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பேசுகிற வேலை என்னுடையது. ஆனாலும் அந்த நிமிஷம் போனை எடுத்து, பதிவே போனாலும் போகட்டும் என்று அந்தப் பேரை அழித்தேன். அழித்துவிட்டு, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு குறைந்திருக்கிறதா என்று. குறையவில்லை. மூன்றாம் நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் குறைந்த மாதிரிதான் அதற்கும் குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து அவளிடம் பேர் வைக்கச் சொல்லுகிற தைரியம் எனக்குப் போய்விட்டது.

அதற்கடுத்த தை மாதம். பிள்ளைக்கு மூன்றரை வயசு.

கடம்பூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல் உண்டு, என் தம்பி பார்க்கிறான். பாசிப்பயறு காய்ந்து நிற்கிறது, பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ் லீவுதானே, லைனில் ஆறு பேரைக் கேட்டேன், சரி என்றார்கள். அவளும் வந்தாள், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. அவள் புருஷன்தான் லோடு ஆட்டோவில் எங்களை இறக்கிவிட்டு வேறு லோடுக்குப் போனார்.

எங்கள் நிலத்துக்குத் தெற்கே மக்காச்சோளம். ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து, காய்ந்து, அறுப்புக்கு நின்றது. காட்டுப்பன்றி வராமல் இருக்கச் சுற்றிலும் குச்சி நட்டுப் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார்கள். கிழக்கே கிணறு. அந்த வருஷம் நல்ல மழை. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, தண்ணீர் தரைக்கு ஒரு முழம் கீழே வரைக்கும் நின்றது.

பிள்ளையை வேப்பமரத்து நிழலில் சாக்கு விரித்து உட்கார்த்திவிட்டு, நிரை பிடித்துப் பறித்துக்கொண்டே போனோம். பதினொரு மணி இருக்கும். அவள்தான் முதலில் நிமிர்ந்தாள். சாக்கு மட்டும் கிடந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில்.

மடியில் இருந்த பயறெல்லாம் சிதறக் கிணற்றுக்குத்தான் ஓடினாள். விளிம்பில் குப்புறப் படுத்துத் தண்ணீரைப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. என் தம்பி சட்டையைக் கழற்றிக்கூடப் போடவில்லை, குதித்துவிட்டான். மூழ்கி எழுந்து தலையை ஆட்டினான். மறுபடி மூழ்கினான். அவன் உள்ளே இருந்த நேரமெல்லாம் நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. மூன்றாம் தடவை வெளியே வந்து, "தரை வரைக்கும் தடவிட்டேன், இல்ல" என்றான். இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் எதிரே அந்த மக்காச்சோளம் நின்றது, எத்தனையோ ஏக்கருக்கு.

எல்லாரும் உள்ளே இறங்கினோம். இறங்கினால் பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை. காய்ந்த தோகை சலசலவென்று காது நிறையச் சத்தம். "பாப்பா", "ஏட்டி பாப்பா", "தாயீ" என்று ஆளுக்கொன்றாகக் கத்தினோம். காற்றில் ஆடுகிற ஒவ்வொரு பழைய சேலையும் பிள்ளையின் கவுன் மாதிரியே தெரிந்தது. இரண்டு தடவை ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்தேன்.

கத்திக்கொண்டே இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் யாரைக் கூப்பிடுகிறோம்? அந்தப் பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டு அடுத்த நிரையிலேயே உட்கார்ந்திருந்தாலும் ஏன் என்று கேட்காதே!

வரப்புக்கு வந்தேன். அவள் அங்கேதான் நின்றாள். வாய் திறந்திருந்தது. தொண்டை நரம்பு புடைத்து நின்றது. சத்தம் வரவில்லை. கூப்பிடுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

"கூப்பிடும்மா! எதையாவது சொல்லிக் கூப்பிடு! ஒன் குரலுக்குத்தான் வருவா!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

"ஜீவிதா! ஏ ஜீவிதா!"

அவள் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"ஜீவிதா! எம்மா, வந்திரும்மா! ஏ அமுதா! எங்கய்யா இருக்க, அமுதா!"

அவளிடம் இருந்த பேர்கள் அவ்வளவுதான். அந்த இரண்டையும் சொல்லிச் சொல்லிக் கத்திக்கொண்டே சோளத்துக்குள் ஓடினாள். அஞ்சு வருஷமாக அந்தப் பேர்களை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. பறிக்க வந்த பெண்கள் கத்துவதை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சோளத்துக்குள்ளிருந்து செத்துப்போன பிள்ளைகளின் பேர் மட்டும் ஒருதடவை இந்தப் பக்கமிருந்தும் ஒருதடவை அந்தப் பக்கமிருந்தும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அரை மணி நேரம் இருக்கும். தெற்கு ஓடைப் பக்கமிருந்து ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் வந்தார். அறுபத்தைந்து வயசு இருக்கும். தோளில் தொரட்டிக் கம்பு, இடுப்பில் பிள்ளை. முழங்கால் வரைக்கும் சகதி, ஒரு கால் செருப்பைக் காணோம், கையில் பாதி உரித்த மக்காச்சோளக் கதிர்.

"இந்தப் புள்ள யாரு வீட்டுப் புள்ள? ஓடையில ஆட்டுக்குட்டியோட ஒக்காந்திருந்திச்சு" என்றார். "நீங்க போடுத சத்தம் அங்கன வரைக்கும் கேட்டிச்சு. ஒன்னயத்தான் தேடுதாவளா தாயின்னு கேட்டேன். இல்ல, அது வேற புள்ளைன்னு சொல்லிட்டு."

அவள் சோளத்திலிருந்து வெளியே வந்தாள். முகமெல்லாம் தோகை கீறி ரத்தக் கோடுகள். பிள்ளை அவளைப் பார்த்தது. பயப்படவில்லை, அழவில்லை. அக்கறையாகக் கேட்டது:

"எம்மா, ஜீவிதா கெடச்சிட்டாளா?"

அவள் அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. பிள்ளையின் காலில் இருந்த சகதியைத் தன் சேலையால் துடைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்து, நான் அவள் வாயிலிருந்து கேட்பேன் என்று நினைத்தே பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"ஒங்க பேரு என்னம்மா?"

"முப்பிடாதி."

"எத்தன வயசு ஆவுது?"

"யாரு கண்டா? மூத்தவனுக்கே அம்பது நெருங்குது."

"மேலுக்கு எதுவும் வந்திருக்கா? பெரிய சீக்கு, எதுவும்?"

அந்த அம்மா இது என்ன கேள்வி என்று என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சீக்கா? ஒரு மழையில பனைமரத்தடியில நின்னேன். இடி விழுந்து பக்கத்துல நின்ன ஆறு ஆடு செத்துப் போச்சு. எனக்கு ரெண்டு நாளு காது அடச்சிருந்திச்சு, அவ்வளவுதான்."

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், அன்றைக்கு டாக்டரிடம் கேட்ட மாதிரியே.

புதன்கிழமை காலையில் வேனை விட்டுவிட்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு அங்கன்வாடிக்கு வந்தாள்.

"எழுதுங்க டீச்சரக்கா. முப்பிடாதி."

அவள் புருஷன் தவித்துப் போனார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. பேரு வைக்கச் சம்மதிச்சதே சாமி புண்ணியம். ஆனா நாளைக்குப் பள்ளிக்கூடத்துல புள்ளைய எல்லாரும் சிரிப்பாவள்லா? இப்ப யாரு இந்தப் பேரு வைக்கா?"

நானும் சொல்லிப் பார்த்தேன். முப்பிடாதி எங்கள் தெற்குச் சீமையில் இருக்கிற அம்மன். மதுரையைத் தாண்டிவிட்டால் இந்தப் பேரைப் புரியும்படி இரண்டு தடவை சொல்ல வேண்டும். முப்புரத்துக்கும் ஆதியானவள் என்று ஒருத்தர் அர்த்தம் சொல்வார், பிடாரி என்பதுதான் இப்படி ஆகிவிட்டது என்று இன்னொருத்தர் சொல்வார். "அர்த்தமே சரியாத் தெரியாத பேரும்மா. வேணும்னா..."

"அர்த்தம் சொல்லாதீங்க" என்று என் கையைப் பிடித்தாள். "அர்த்தத்தப் பாத்து வச்சதெல்லாம் போயிட்டு. இது அப்படி இல்ல டீச்சரக்கா. இந்தப் பேர வச்சிக்கிட்டு ஒருத்தி அறுபது வருசத்துக்கு மேல இருந்திருக்கா. வெயில்லயும் மழையிலயும் எத்தன பேரு கூப்பிட்டிருப்பாவ! எத்தன தடவ கேட்டிருக்கும்! ஒண்ணும் ஆவலியே. அது போதும்."

அவள் புருஷன் வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து, பழகாத வாயால், "முப்பிடாதி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிள்ளை திரும்பவில்லை. திரும்புவதற்கு நாலைந்து நாளானது.

அதோடு அவள் பயம் தீர்ந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். தீரவில்லை. வேறு பக்கமாகப் பிறந்து வந்தது. பேரே சொல்லாதவள் இப்போது பேரை விடவே இல்லை. சமைக்கும்போது கூப்பிட்டாள், குழாயடியில் கூப்பிட்டாள், பிள்ளை மடியில் படுத்திருக்கும்போதே கூப்பிட்டாள். "முப்பிடாதி!" என்றால் "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். ஒரு மூச்சு தாமதமானாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடினாள். முன்னால் லைனே அவள் மௌனத்தைக் கண்டு பயந்தது. இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் கதவைச் சாத்தினார்கள்.

வேலைக்குப் போன இடத்திலும் விடவில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் காவலாளியிடம் கொடுத்துவைத்திருப்பாள். பத்து மணி டீக்கும், பன்னிரண்டரைச் சாப்பாட்டுக்கும், மூன்று மணிக்கும் ஓடிவந்து எனக்குப் போடுவாள்.

"பக்கத்துல இருக்காளா டீச்சரக்கா?"

"இங்கனதான் இருக்கா, நல்லாத்தான் இருக்கா."

"நீங்க சொல்ல வேண்டாம். பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. அவ சொல்லுதது எனக்குக் கேக்கணும்."

போனை நீட்டிப் பிடித்துக் கூப்பிடுவேன். "இருக்கேன்" என்று பிள்ளை சொல்லும். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும், போன் நின்றுவிடும். சில நாள் நான் எரிச்சலில் எடுக்காமல் விட்டதுண்டு. அப்படி விட்ட ஒரு நாள் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மேலெல்லாம் வியர்வையோடு வாசலில் வந்து நின்றாள். அதன் பிறகு எடுக்காமல் விடவில்லை.

அங்கே நான் இருந்த கடைசி மாதத்தில் ஒரு நாள். பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. பிள்ளை குப்புறப் படுத்து ஆடு வரைந்துகொண்டிருந்தது, வாலில் மும்முரமாக இருந்தது. "முப்பிடாதி" என்றேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். போனில் அவள் மூச்சு நின்றுபோனது எனக்கே கேட்டது.

பிள்ளை தலையைத் தூக்காமல் சொன்னது:

"இருக்கேன், இருக்கேன், இருக்கேன். மூணு மணிக்கும் சேத்துச் சொல்லிட்டேன்."

சுற்றி இருந்த பிள்ளைகள் சிரித்தன. நானும் சிரித்துவிட்டேன். போனில் அவளும் சிரித்தாள். ஏழெட்டு வருஷம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். "வாயப் பாருங்க" என்றாள். "சரிக்கா, வச்சிருதேன்" என்றாள்.

மூன்று மணிக்குப் போன் வந்தது.